பேஸ் கிட்டாரின் ஒலி மேடையில் அமுங்குவது ஏன்? அதிக வாட் ஆம்ப் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

நான்கு பேர் கொண்ட ராக் இசைக்குழு மேடையேறினால், கூட்டத்தின் காதில் முதலில் தொலைந்துபோவது பெரும்பாலும் பேஸ் கிட்டாரின் ஒலிதான். டிரம்ஸ் கேட்கும், லீட் கிட்டார் கேட்கும், பாடகரின் குரல் கேட்கும். பேஸ் வாசிப்பவரின் விரல்கள் அசைவது மட்டும் கண்ணுக்குத் தெரியும். ஷில்லாங், கோஹிமா, ஐஸ்வால் நகரங்களின் தேவாலய இசைக்குழுக்கள் முதல் பெங்களூரு, புணே, தில்லியின் கல்லூரி விழா மேடைகள் வரை இந்தப் புகார் பொதுவானது. அதற்குத் தேடப்படும் தீர்வும் ஏறத்தாழ ஒன்றுதான்: இன்னும் அதிக வாட் திறன் கொண்ட ஆம்ப்ளிஃபையரை வாங்குவது. பல மாதச் சேமிப்பை விழுங்கும் அந்த முடிவு, செலவிட்ட தொகைக்கு மிகக் குறைந்த பலனையே பெரும்பாலும் தருகிறது.

காரணம், வாட் என்பது ஒலியின் அளவே அல்ல. அது ஆம்ப்ளிஃபையர் ஸ்பீக்கருக்குத் தரக்கூடிய மின்திறனின் அளவு. ஒலியின் வலிமை டெசிபல் கணக்கில் அளக்கப்படுகிறது. இரண்டுக்கும் உள்ள உறவு நேர்விகிதத்தில் இல்லை. வாட்டை இரு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு அது 'சற்றே கூடியிருக்கிறது' என்ற உணர்வைத் தரும். ஒலி இரு மடங்காகக் கேட்கிறது என்று பொதுவாகச் சொல்ல ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. ஆக, 100 வாட் ஆம்பை விற்றுவிட்டு 200 வாட் ஆம்ப் வாங்கியவருக்குப் பெயரளவில் மட்டுமே திறன் இரட்டிப்பாகிறது.

விளம்பரங்களில் அச்சாகும் வாட் எண்ணையும் அப்படியே நம்ப இயலாது. ஒரு காலத்தில் வீட்டு டேப் ரிக்கார்டர்களின் முகப்பில் ஆயிரக்கணக்கில் மின்னிய 'பி.எம்.பி.ஓ. வாட்' பலருக்கு நினைவிருக்கும். கண நேர உச்சத்தைப் பெரிதாக்கிக் காட்டிய எண் அது. இசைக்கருவி ஆம்ப்களில் பார்க்க வேண்டியது, தொடர்ந்து தரக்கூடிய 'ஆர்.எம்.எஸ்.' வாட் அளவு. அது எத்தனை ஓம் சுமையில் அளக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தாழ்ந்த ஒலிக்குக் காது தரும் இடம்

நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பி விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. ஐந்து கம்பி கிட்டாராக இருந்தால் கடைசிக் கம்பி 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். மனிதக் காது இவ்வளவு தாழ்ந்த ஒலிகளை மிக மந்தமாகவே கேட்கிறது. நடுத்தர அதிர்வெண்ணில் இலை அசைவதைக்கூட உணரும் காதுக்கு, 40 ஹெர்ட்ஸ் ஒலி விழத் தொடங்கவே சுமார் 50 டெசிபல் வேண்டும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஃபிளெட்சர், மன்சன் இருவரும் 1933-இல் வெளியிட்ட சமஒலி வளைகோடுகள் இந்த வேறுபாட்டை முதன்முதலில் தெளிவாக அளந்து காட்டின.

இதன் விளைவு ஒன்று நடைமுறையில் பலரை ஏமாற்றுகிறது. வீட்டு அறையில் மெதுவாக வாசிக்கும்போது பேஸ் போதாததுபோல் தோன்றும். வாசிப்பவர் 'பேஸ்' குமிழை முழுவதும் திருகி வைப்பார், நடுத்தர ஒலியைக் குறைத்துவிடுவார். தனியாகக் கேட்க அது இனிமையாகவே இருக்கும். அதே அமைப்புடன் மேடையேறி ஒலியைக் கூட்டினால், தாழ்ந்த ஒலி காதுக்கு மிக வேகமாகப் பெருகி வெறும் உறுமலாகிவிடும். எந்தச் சுரம் வாசிக்கப்படுகிறது என்பதே தெரியாது.

பேஸ் கிட்டாரை நாம் அடையாளம் காண்பது பெரும்பாலும் அதன் அடிப்படை அதிர்வால் அன்று. அதன் மீது எழும் மேல்சுரங்களால். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டாரின் நடையைக் கைப்பேசியின் சிறு ஸ்பீக்கரில்கூடத் தொடர முடிகிறது என்றால், அந்த ஸ்பீக்கர் 41 ஹெர்ட்ஸைத் தருவதால் அன்று. அதனால் அது இயலவே இயலாது. மேல்சுரங்களைக் கேட்டு மூளை கீழ்ச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது.

எனவே முதல் மாற்றத்துக்குப் பணச் செலவே இல்லை. பேஸ் குமிழை நடுநிலைக்குக் கொண்டுவந்து, 200 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையிலான நடுத்தரப் பகுதியைச் சற்றே உயர்த்த வேண்டும். தாழ்ந்த ஒலியை 6 டெசிபல் உயர்த்துவது, அந்தப் பகுதிக்கு ஆம்பிடம் நான்கு மடங்கு வாட் கேட்பதற்குச் சமம். அந்தத் திறனைச் சேமித்து, காது கூர்மையாகக் கேட்கும் இடத்தில் செலவிடுவதே அறிவுடைமை. தனியாகக் கேட்டால் இந்த அமைப்பு சற்றுக் கரடுமுரடாகத் தோன்றும். டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்ததும் அந்தக் கரடுமுரடுதான் பேஸை முன்னால் நிறுத்துகிறது. துருவேறிய பழைய கம்பிகளை மாற்றுவதும் இதே வகையில் உதவும். பழைய கம்பிகள் முதலில் இழப்பது மேல்சுரங்களைத்தான்.

இதில் சக கலைஞருக்கும் பங்கு உண்டு. சாதாரண கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அதன் ஆம்பில் பேஸ் குமிழ் முழுவதும் திறந்திருந்தால் இரு கருவிகளும் ஒரே இடத்தில் மோதும். கிட்டார் கலைஞர் தம் குமிழைச் சற்றுக் குறைத்தால் பேஸ் கிட்டாருக்குக் கிடைக்கும் இடம், புதிய ஆம்ப் தரும் 3 டெசிபலைவிடப் பெரியது. இந்தப் பேச்சுவார்த்தை எல்லாக் குழுக்களிலும் எளிதில் முடிவதில்லை என்பது வேறு விஷயம்.

பெட்டியில்தான் பாதி விடை

பேஸ் கிட்டாரின் வரலாறே ஸ்பீக்கர் பெட்டியுடனான போராட்டம் எனலாம். லியோ ஃபெண்டர் 1951-இல் பிரெசிஷன் பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு அதற்கென வந்த 'பேஸ்மேன்' ஆம்பில் இருந்தது ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கர். ராக் இசை பெரிய அரங்குகளுக்கு நகர்ந்தபோது அது போதவில்லை. 1969-இல் ஆம்பெக் நிறுவனம் 'எஸ்.வி.டி.' என்ற 300 வாட் வால்வு ஆம்பை அறிமுகம் செய்தது. ஆம்பின் தலைப்பகுதி மட்டுமே சுமார் 40 கிலோ எடை. அதனுடன் வந்தது எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட பெரிய பெட்டி. இன்று 500 வாட் தரும் 'கிளாஸ் டி' ஆம்ப்கள் இரண்டு மூன்று கிலோ எடையில் தோள்பையில் அடங்குகின்றன. ஆனாலும் அந்தப் பழைய பெட்டியின் முழக்கம் சிறிய பெட்டியில் கிடைப்பதில்லை.

அதற்கான காரணம் எளிது. ஒலி என்பது காற்றை அசைப்பது. ஒரே ஒலியளவில் ஒரு ஸ்தாயி கீழே இறங்க, ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்பின் அசைய வேண்டும். அந்த அசைவுக்கு ஓர் எல்லை உண்டு. எல்லையைத் தாண்டினால் ஒலி உடைகிறது, பின்னர் கூம்பும் கிழிகிறது. எல்லைக்குள் அதிகக் காற்றைத் தள்ள ஒரே வழி பரப்பைக் கூட்டுவது. 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றின் பயனுறு பரப்பு ஏறத்தாழ 850 சதுர சென்டிமீட்டர். எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்களுக்குச் சேர்த்து அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல்.

சிறிய பெட்டி, ஆழ்ந்த தாழ்ஒலி, குறைந்த மின்திறனில் அதிகச் சத்தம் ஆகிய மூன்றையும் ஒருங்கே பெற இயலாது. இரண்டைப் பெற மூன்றாவதை விட்டுக்கொடுக்க வேண்டும். ஒலிப் பொறியாளர்கள் இதை ஹாஃப்மனின் இரும்பு விதி என்பார்கள். 'கையடக்கப் பெட்டி, இடிபோன்ற பேஸ்' என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போது இந்த விதியை நினைத்துக்கொள்வது நல்லது.

பெட்டி வாங்குவோர் அதன் உணர்திறன் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபல் என்பதே அது. 95 டெசிபல் உணர்திறன் கொண்ட பெட்டிக்கு 500 வாட் கொடுத்தால் கணக்குப்படி 122 டெசிபல் வரும். 101 டெசிபல் பெட்டிக்கு 125 வாட் கொடுத்தாலே அதே 122 வந்துவிடும். அதாவது, நல்ல பெட்டி ஒன்று நான்கு மடங்கு பெரிய ஆம்பின் வேலையைச் செய்கிறது. கடைகளில் ஆம்பின் வாட் எண்ணைக் கேட்பவர் பலர். இந்த எண்ணைக் கேட்பவர் சிலர்.

இரண்டாவது பெட்டியும் ஓம் கணக்கும்

ஏற்கெனவே 8 ஓம் பெட்டி ஒன்று இருக்கிறது. ஆம்ப் 4 ஓம் வரை தாங்கும் டிரான்சிஸ்டர் வகை. இவர் செய்யக்கூடிய மிகச் சிறந்த செலவு, அதே மாதிரியில் இன்னொரு 8 ஓம் பெட்டி வாங்குவதுதான். இரண்டையும் இணைச்சுற்றில் இணைத்தால் ஆம்ப் காணும் சுமை 4 ஓம் ஆகிறது. 4 ஓமில் 500 வாட் என்று குறிக்கப்பட்ட ஆம்ப் 8 ஓமில் ஏறத்தாழ 250 முதல் 300 வாட்டே தரும். இரண்டாவது பெட்டி வந்ததும் அது தன் முழுத் திறனை எட்டுகிறது. அத்துடன் ஸ்பீக்கர் பரப்பும் இரட்டிப்பாகிறது. தாழ்ந்த அதிர்வெண்களில் இரண்டும் சேர்ந்து 6 டெசிபல் வரை கூடும். ஒரே பெட்டிக்கு நான்கு மடங்கு வாட் கொடுத்ததற்கு அது நிகர்.

கணக்குத் தவறினால் இழப்பு பெரிது. 8 ஓம் பெட்டியுடன் 4 ஓம் பெட்டியை இணைத்தால் சுமை 2.67 ஓமுக்கு இறங்கும். மூன்று 8 ஓம் பெட்டிகளுக்கும் அதே எண்தான். 4 ஓமே குறைந்தபட்சம் என்று பின்புறத்தில் எழுதியுள்ள ஆம்ப் இதில் சூடேறி அணைந்துபோகும், அல்லது எரியும். வாடகைப் பெட்டிகளை நம்பி வெளியூர் செல்லும் குழுக்கள் மேடையில் முதலில் பார்க்க வேண்டியது பெட்டியின் பின்புற எழுத்துகளையே. வால்வு ஆம்ப்களுக்கு விதி இன்னும் கடுமையானது. ஆம்பில் தேர்ந்தெடுத்த ஓமும் பெட்டியின் ஓமும் பொருந்த வேண்டும். ஸ்பீக்கர் இணைக்காமல் அவற்றை இயக்கவே கூடாது. இயக்கினால் உள்ளே இருக்கும் விலையுயர்ந்த டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகக்கூடும்.

இணைப்புக் கம்பியிலும் கவனம் வேண்டும். கிட்டாரிலிருந்து ஆம்புக்குச் செல்லும் மெல்லிய கேபிளும் ஆம்பிலிருந்து பெட்டிக்குச் செல்லும் கேபிளும் முனையில் ஒன்றுபோலவே இருக்கலாம். ஆனால் முன்னதைப் பின்னதாகப் பயன்படுத்தினால் அதன் மெல்லிய கம்பி சூடாகி உருகும் ஆபத்து உண்டு.

இரண்டு பெட்டிகள் வைத்தும் ஒன்றைவிடக் குறைவாகவே கேட்கிறது என்றால், பெரும்பாலும் ஒன்றின் இணைப்பு தலைகீழாகியிருக்கும். ஒரு பெட்டி காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுப்பதால் தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. பழுதுபார்த்த பெட்டிகளில் இது அரிதன்று. சோதிப்பது எளிது. ஆம்பிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் கேபிளின் முனைகளில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டால் கூம்புகள் அசையும். ஒரே முறையில் தொடும்போது இரண்டு பெட்டிகளிலும் எல்லாக் கூம்புகளும் ஒரே திசையில் அசைய வேண்டும்.

எங்கே வைப்பது?

41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 8 மீட்டருக்கும் சற்று அதிகம். இவ்வளவு நீண்ட அலைக்குப் பெட்டியின் முன்பக்கம், பின்பக்கம் என்ற வேறுபாடே இல்லை; அது எல்லாத் திசையிலும் பரவும். தரையும் பின்சுவரும் அதைத் திருப்பி அனுப்பினால் தாழ்ந்த ஒலி வலுப்பெறும். பெட்டியைத் தரையில் வைத்துச் சுவரை ஒட்டித் தள்ளுவது இலவசமாகச் சில டெசிபல்களைத் தரும். மூலையில் வைத்தால் இன்னும் கூடும், ஆனால் சில சுரங்கள் மட்டும் இரைச்சலாகிவிடும். ஸ்பீக்கரின் முகத்திலிருந்து சுவர் 1 மீட்டர் பின்னால் இருந்தால், திரும்பி வரும் அலை 86 ஹெர்ட்ஸ் அருகே நேரலையை அழிக்கும். மற்ற சுரங்களெல்லாம் ஒலிக்க, ஒரே ஒரு சுரம் மட்டும் காணாமல்போகும் புதிருக்கு இது ஒரு விடை.

வாசிப்பவர் நிற்கும் இடமும் முக்கியம். பெட்டி முழங்காலுக்கு ஒலியை அனுப்பிக்கொண்டிருக்க, ஒன்றரை அடி தள்ளி நிற்பவரின் காது ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. அவருக்குக் கேட்பது உறுமல் மட்டுமே. தெளிவைத் தரும் நடுத்தர ஒலி, கூம்பின் நேரெதிரே அமர்ந்திருக்கும் முதல் வரிசை ரசிகரைத் தாக்குகிறது. பெட்டியைச் சாய்த்து வைப்பதோ, நாற்காலி உயரத்துக்கு ஏற்றுவதோ, வாசிப்பவர் நான்கு எட்டு முன்னால் நகர்வதோ பலன் தரும். ஏற்றினால் தரை தந்த வலிமை சற்றுக் குறையும். தெளிவுக்காக அதை ஏற்கலாம்.

உடையும் ஒலி, எரியும் சுருள்

ஆம்பில் இரண்டு குமிழ்கள் இருப்பதன் பொருள் பலருக்கு விளங்குவதில்லை. 'கெயின்' என்பது கிட்டாரிலிருந்து வரும் சிறு மின்னலையை உள்ளே எவ்வளவு உயர்த்துவது என்பது. 'மாஸ்டர்' என்பது வெளியே எவ்வளவு அனுப்புவது என்பது. பலமாக ஒரு கம்பியை மீட்டும்போது எச்சரிக்கை விளக்கு எப்போதாவது மினுக்கும் அளவில் கெயினை வைத்து, மற்றதை மாஸ்டரால் உயர்த்த வேண்டும். மாஸ்டர் குமிழ் பாதியில் நிற்பதால் இன்னும் பாதித் திறன் மிச்சம் என்று பொருளில்லை. பல ஆம்ப்கள் அந்த இடத்திலேயே தம் எல்லையைத் தொட்டுவிடும். பேட்டரியில் இயங்கும் பேஸ் கிட்டாராக இருந்தால், ஒலி மெலிவதற்குத் தீர்ந்துபோன 9 வோல்ட் பேட்டரியே காரணமாக இருக்கலாம். அவ்வகைக் கிட்டாருக்கென ஆம்பில் உள்ள 'ஆக்டிவ்' பொத்தான், சாதாரண கிட்டாருக்கு அழுத்தப்பட்டிருந்தாலும் ஒலி இறங்கும்.

எல்லை தாண்டிய ஆம்ப் அலையின் உச்சிகளை வெட்டுகிறது. வெட்டுப்பட்ட அலை ஸ்பீக்கருக்குள் இருக்கும் செம்புச் சுருளைத் தொடர்ந்து சூடாக்கும். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.39 சதவீதம் கூடுகிறது. சுருள் 200 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் தடை ஏறத்தாழ 1.8 மடங்காகும், அதே மின்னழுத்தத்தில் அது ஏற்கும் வாட் பெருமளவு குறைந்துவிடும். கச்சேரியின் கடைசி அரை மணியில் பேஸ் சோர்ந்துபோவதும், கலைஞர் குமிழை மேலும் திருகுவதும், மறுநாள் ஸ்பீக்கர் மௌனமாவதும் இந்தத் தொடரில்தான் நிகழ்கின்றன. 30 முதல் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள பயனற்ற அசைவுகளை வெட்டும் 'ஹை-பாஸ்' வடிகட்டியும், திடீர் உச்சங்களைத் தணிக்கும் கம்ப்ரஸரும் இருக்கும் ஆம்பிலிருந்தே கூடுதல் ஒலியைப் பாதுகாப்பாகப் பெற உதவும்.

திறந்தவெளி விழாக்களில் மின்சாரத்தின் மீது பழி போடுவது வழக்கம். நீண்ட வயர், ஜெனரேட்டர் ஆகியவற்றால் 230 வோல்ட் பத்து சதவீதம் குறைந்தாலும் ஒலியில் ஏற்படும் இழப்பு சுமார் 1 டெசிபல்தான். அஞ்ச வேண்டியது எர்த் இணைப்பு இல்லாமையைத்தான். இரைச்சலை நிறுத்த பிளக்கின் மூன்றாவது முனையைத் துண்டிப்பது, கையில் கம்பியும் உதட்டருகே மைக்கும் உள்ள கலைஞரின் உயிரோடு விளையாடுவதாகும்.

ஆயிரம் பேர் கூடும் இடத்தில் மேடைப் பெட்டியைக் கொண்டே கூட்டத்தை எட்ட முயல்வது வீண். டி.ஐ. பெட்டி வழியாகப் பேஸின் மின்னலையை அரங்க ஒலி அமைப்புக்கு அனுப்பிவிட்டு, மேடைப் பெட்டியைக் கலைஞர்கள் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொள்வதே பெரிய விழாக்களின் நடைமுறை.

சட்டமும் செவியும்

ஒலி மாசு விதிகள், 2000-இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிகளுக்குத் தடை உள்ளது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு தரலாம். குடியிருப்புப் பகுதிகளுக்கான வரம்பு பகலில் 55, இரவில் 45 டெசிபல். பொது இடத்தின் எல்லையில் ஒலி, அப்பகுதிக்கான வரம்பைவிட 10 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. அல்லது 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. இரண்டில் எது குறைவோ அதுவே பொருந்தும். இந்த அளவீடு 'ஏ' வகை டெசிபலில் செய்யப்படுவதால், 40 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஏறத்தாழ 35 டெசிபல் தள்ளுபடி கிடைக்கிறது. சுவரை எளிதில் ஊடுருவும் பேஸ் ஒலியால் பக்கத்து வீட்டு ஜன்னல் அதிர, கருவியில் எண் அடக்கமாகவே நிற்பது இதனால்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறை, இசை அரங்குகளின் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்கில் 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடுதலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் அது 15 நிமிடம். டிரம்ஸுக்கு அருகே தினமும் இரண்டு மணி நேரம் ஒத்திகை பார்க்கும் பேஸ் கலைஞர், மாலையில் காதில் ரீங்காரம் கேட்டால் அதைக் களைப்பு என்று ஒதுக்கிவிடக் கூடாது. உட்செவியில் அழிந்த மயிரிழைச் செல்கள் மனிதருக்கு மீண்டும் வளர்வதில்லை. எல்லா அதிர்வெண்களையும் ஏறத்தாழச் சமமாக 15 முதல் 20 டெசிபல் வரை குறைக்கும், இசைக் கலைஞர்களுக்கான காதடைப்பான்கள் ஒரு செட் கிட்டார் கம்பியைப் போலவே பையில் வைத்துக்கொள்ளக்கூடியவை. அவற்றை அணிந்து ஒத்திகை பார்த்தால் பேஸின் தாழ்ந்த ஒலி எலும்பு வழியாகவும் உடல் அதிர்வாகவும் தொடர்ந்து உணரப்படும்.